முனையாள்

சிவப்புத் துணி கைக்கு வந்தபோது அதில் இன்னும் ஈரம் இருந்தது. போன நடைக்குப் பிறகு யாரோ அவசரமாக அலசி, சரியாகக் காயவிடாமல் மடித்துப் பையில் திணித்திருக்கிறார்கள். லேசாகப் பூசண வாடை அடித்தது. அவள் அதைக் கழுத்தைச் சுற்றிக் கட்டி, முடிச்சை மார்புப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டாள். வரிசையில் கடைசியாக நடப்பவருக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. ஆகவே துணி முன்பக்கம்தான் தெரிய வேண்டும். அது யார் கண்ணில் பட வேண்டுமோ அவர்கள் எல்லோரும் முன்னால், திருப்பங்களில், அவள் வரும் வழியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார்கள்.

“யோசிச்சுத்தான் கேக்கறியாம்மா?” என்றார் கோல்காரர்.

“ஆமாண்ணே.”

“இன்னிக்கு வேற யாராவது துணியக் கட்டிக்கிட்டு வாலா வரட்டுமே. அடுத்த தடவ நீ எடுத்துக்கோ.”

“இன்னிக்குத்தான் வேணும்.”

கோல்காரர் ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். வாரம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறர் செய்யும் தப்புக்குப் பிரேக் மிதிக்கிறவர். நடைக்குழுவில் அவர்தான் எப்போதும் தலை. கையில் நீளமான மூங்கில் கோல் ஒன்று வைத்திருப்பார். அது ஊன்றுவதற்கு அல்ல. காட்டுப் பாதையில் முதலில் நடப்பவரின் முகத்தில்தான் இரவு முழுக்கச் சிலந்திகள் குறுக்கே கட்டிய வலைகளெல்லாம் ஒட்டும். கோலைச் செங்குத்தாக முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு போனால் வலை கோலில் சுற்றிக்கொள்ளும். அப்படியும் மதியத்துக்குள் அவர் புருவத்திலும் காதிலும் வெள்ளை நூல்கள் தொங்கும். இரண்டாவதாக நடப்பவர் முகத்தில் ஒன்றும் ஒட்டாது. யார் முதலில் போனது என்று அங்கே கேட்க வேண்டியதே இல்லை, முகத்தைப் பார்த்தால் போதும்.

வேன்கள் இரண்டும் மரத்தடியில் நின்றன. புதிதாகச் சேர்ந்த மருந்துக்கடைப் பெண் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்விகள் ஓயாமல் வந்தன. பதில் சொல்வதில் கோல்காரருக்கும் சலிப்பில்லை. தலை முன்னால் போகும். ஒரு திருப்பமோ பிரிவோ வந்தால், தலைக்கு அடுத்து நடப்பவர் அங்கேயே நின்றுவிட வேண்டும். அவர் முனையாள். பின்னால் வருகிற ஒவ்வொருவருக்கும் கையைக் காட்டி வழி சொல்ல வேண்டும். கடைசியில் வால் வரும். “வால் வந்தாச்சு” என்று வாயைத் திறந்து சொல்லும். அதற்கப்புறம்தான் முனையாள் நகரலாம், அதுவும் வாலுக்கு முன்னால். அடுத்த பிரிவில் அப்போது தலைக்குப் பின்னால் யார் இருக்கிறாரோ அவர் முனையாள். இப்படியே போனால் வேகமாக நடப்பவர் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், மெதுவாக நடப்பவர் வழி தவற மாட்டார். நீண்டு சுருங்கும் புழுவைப் போல வரிசை காட்டுக்குள் தானாக ஊர்ந்து போகும்.

“எங்க வீட்ல என்னைத்தான் வாலுன்னு கூப்பிடுவாங்க. இங்க அதுக்கு ஒரு துணி வேற குடுக்கறீங்க,” என்று சிரித்தாள் பெண். பிறகு கேட்டாள். “சரி சார், முனையில நிக்கறவங்கள வால் மறந்துட்டா?”

குழுவில் பழையவரான கண்ணாடிக்கடைக்காரர் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து, குடிக்காமலேயே மூடினார். கோல்காரர் கோலால் தரையில் ஒரு தடவை தட்டிவிட்டு, “கெளம்பலாம்,” என்றார்.

அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று கோல்காரர் முன்பே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

காடு எடுத்த எடுப்பிலேயே வெளிச்சத்தைக் குறைத்தது. அவள் இதற்கு முன் இங்கே வந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. அவள் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடை முடிந்து வந்து, கால்களை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு, அன்று பார்த்ததையெல்லாம் இயந்திரத்தைப் பிரித்துக் காட்டுவது போல விளக்குவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் அது எப்படி நிற்கிறது, எது எதைத் தாங்குகிறது என்பதில்தான் கண் போகும். இதோ, நாலு பேர் உள்ளே உட்காரலாம் என்று அவர் சொன்ன பொந்து மரம். இடி விழுந்து உள்ளே முழுக்கக் கரியாகிக் கிடக்கிறது. மேலே அண்ணாந்து பார்த்தால் புது இலை. “மரத்துக்கு உசுரு பட்டைக்குக் கீழ ஒரு மெல்லிசு வளையம், அவ்வளவுதான். உள்ள இருக்கறதெல்லாம் செத்த கட்டை. செத்ததச் சுத்தித்தான் மரம் வளருது,” என்று அவர் சொன்னபோது அவள் டிபன் டப்பா கழுவிக்கொண்டே, “ம்,” என்றாள். அந்த ஒரு “ம்” தவிர வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

அவளுக்கு முன்னால், பத்தடி தள்ளி, கண்ணாடிக்கடைக்காரரின் முதுகு போய்க்கொண்டிருந்தது. அவள் குழுவில் சேர்ந்ததிலிருந்து எல்லா நடைகளிலும் அவர் இடம் அதுதான், வாலுக்கு நேர் முன்னால். முன்பெல்லாம் அவர்தான் வால். பொறுமைசாலி, யார் பின்தங்கினாலும் முகம் சுளிக்காமல் கூடவே நடப்பவர் என்று கணவரே சொல்லியிருக்கிறார். அந்த நாளுக்குப் பிறகு அவர் சிவப்புத் துணியைத் தொடவில்லை. குழுவை விட்டுப் போகவும் இல்லை. அவளோடு அவர் பேசுவதெல்லாம் “தண்ணி வேணுமா தங்கச்சி”, “பாத்து, இங்க வழுக்கும்” அளவுக்குத்தான்.

போன வருஷம் இதே காடு, இதே மாதம். நடுவழியில் ஒரு அம்மாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. வாலாக வந்த கண்ணாடிக்கடைக்காரர் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த, மரம் ஏற்றிப் போகும் வண்டித் தடம் வழியாக நேரே ரோட்டுக்கு இறங்கிவிட்டார். வலியில் அழுகிற ஒருவரை வைத்துக்கொண்டு யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்தத் தடத்துக்கு மேலே, பாறைக்கூட்டத்தின் அடியில், ஒரு பாதை ஓடைக்கும் இன்னொன்று செங்குத்துச் சரிவின் விளிம்புக்கும் பிரிகிற இடத்தில், ஒரு முனையாள் நின்றுகொண்டிருந்தார். முதல் வேன் கணுக்காலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இரண்டாவது வேனில் ஏறியவர்கள் லிஃப்ட்காரர் முதல் வேனில் போயிருப்பார் என்று நினைத்தார்கள். முதல் வேனில் இருந்தவர்கள் அவர் இரண்டாவதில் வருவார் என்று நினைத்தார்கள். இரண்டு வேன்களின் கணக்கிலும் ஒரு மனிதர் விடுபட்டுப்போனார். காட்டுக்குள் போன் எடுக்காது. சாயங்காலம் மழையும் காற்றும் வந்தன. அவள் ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிஃப்ட்டில் இருந்தாள். காலையில் வீட்டுக்கு வந்து, பூட்டியபடியே இருந்த கதவைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரியும்.

தேடிப் போனபோது அவர் அதே முனையில், ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் பாதை வருகிற பக்கம். இறந்ததற்குக் காரணம் குளிர் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அரை மணி நேரம் நடந்தால் ரோடு. அவருக்கு வழி தெரியும். எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டார்கள், ஏன் நின்றார் என்று. கணவரின் அண்ணன், வீட்டுக்கூடத்தில் எல்லோர் முன்னாலும், “என்ன வீம்பு இது, மனுஷன் இப்படியா நிப்பான்,” என்று அழுதார். இன்னும் சிலர் கேட்காமல் கேட்டார்கள்: வீட்டுக்கு வரப் பிடிக்காமல் நின்றாரோ என்று. அவளுக்கு ஒரு பழைய நாள் நினைவிருந்தது. ஏதோ அடுக்குமாடியில் வேலை. கூட வேலை செய்பவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால், மேலே சுவிட்சை அணைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே இன்னொருவர் நிற்க வேண்டும். இறங்கியவர் நேரில் வந்து சொல்லும் வரை சுவிட்சை விட்டு அசையக் கூடாது. அன்றைக்கு இறங்கிய ஆள் கீழ்வாசல் வழியாகவே ஏறி, வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போய்விட்டார். சொல்ல மறந்துவிட்டார். இவர் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரை சுவிட்ச் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவள் திட்டித் தீர்த்தாள். ஒரு போன் போடத் தெரியாதா, குழிக்குள் குனிந்து பார்க்கத் தெரியாதா. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “கூப்ட்டேன், சத்தம் இல்ல. சத்தம் இல்லன்னா மயங்கிக் கெடக்கறான்னும் இருக்கலாமே. நான் இந்தப் பக்கம் நகர, எவனாவது வந்து சுவிட்சப் போட, அவன் உள்ள இருந்தா?”

அவன் உள்ளே இருந்தா.

அவர் போனதிலிருந்து அவளுக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. எந்தத் திருப்பத்தைக் கடந்தாலும் அங்கே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். லேபுக்குப் போகும் நடைவழி வளைகிற இடத்தில், மாடிப்படி திரும்பும் சதுரத்தில், பஸ் நிறுத்தத்துக்கு முந்தைய சந்தின் மூலையில். முகம் தெரியாது. இடது காலில் பாரம் போட்டு, கைப் பெருவிரலைத் தோள்பை வாரில் மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த நிலை மட்டும் தெரியும். அவள் நேராகத் திரும்பிப் பார்த்தால் தீயணைப்பு வாளியோ தூணோ இருக்கும். அவளுக்குப் பயமில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவர் அப்படித்தான் நிற்பார், கடைசி நேரத்தில் ஏதாவது ரத்த மாதிரி சோதனைக்கு வந்து அவள் ஒவ்வொரு நாளும் தாமதமாகத்தான் வெளியே வருவாள். பயமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நிற்கிற ஒருவரைத் தினமும் நிற்க வைத்துவிட்டே கடந்து போக வேண்டியிருந்தது, அதுதான் முடியவில்லை. யாரும் வந்து அவருக்குச் சொல்லவில்லை. சொல்லாதவரை அவர் நகர மாட்டார்.

அதனால்தான் இன்று துணியைக் கேட்டு வாங்கினாள். பழைய முனை வழியாகப் போய், அந்த மரத்தருகே நின்று, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிடுவது. அவ்வளவுதான் அவள் திட்டம்.

மேலே ஏற ஏறப் பாறைகள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, யாரோ ராட்சதப் பிள்ளை விளையாடிவிட்டுப் போனது போல, வீடளவு உருண்டைக் கற்கள். தொட்டால் உருண்டுவிடும் போலிருந்தாலும் எத்தனையோ ஆயிரம் வருஷமாக உருளாதவை. இதற்கும் அவர் வெந்நீர் வாளியிலிருந்து விளக்கம் கொடுத்திருக்கிறார். யாரும் தூக்கி வைக்கவில்லை. எல்லாம் ஒரு காலத்தில் மண்ணுக்கடியில் ஒரே பாறை. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கும், பாறை கட்டங்கட்டமாகப் பிரியும். கட்டத்தின் தட்டைப் பக்கம் ஒரு திசையிலிருந்துதான் தேயும், முனை மூன்று திசையிலிருந்தும் தேயும். முனை முதலில் கரைய, கட்டம் உருண்டையாகும். அப்புறம் சுற்றியிருந்த மண் மழையில் போய்விடும். “மண்ணுதான் எறங்கிப் போச்சு. கல்லு நின்ன எடத்துலயேதான் நிக்குது,” என்றார். அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது நினைவில்லை.

மேட்டுப் பிரிவில் மருந்துக்கடைப் பெண் முனையாளாக நின்றாள். இரண்டு பாதைகள். வலது பக்கம் பாறைக்கூட்டத்துக்கு மேலாகச் சுற்றிப் போவது கோல்காரர் இந்த வருஷம் எடுத்த பாதை. இடது பக்கம் பள்ளத்தில் இறங்கி, பாறைகளின் அடியைச் சுற்றிப் போவது பழையது. அதன் வாயில் கோல்காரர் ஒரு காய்ந்த கிளையைக் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தார். இரண்டும் அந்தப் பக்கம் ஓடைக்கரையில் ஒன்றுசேரும்.

“அக்கா, ஒருவழியா வந்தீங்க. கொசு என்னைப் பாதி தின்னாச்சு,” என்றாள் பெண். பிறகு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். “அங்க கீழ நிக்கறவரு யாரு? நம்ம ஆளுதானே?”

கண்ணாடிக்கடைக்காரர் நடையை நிறுத்தினார்.

“ரொம்ப நேரமா நிக்கறாருக்கா. நான் ரெண்டு மூணு தடவ கையாட்டினேன், அவரு ஆட்டல. சரி, அவரும் முனையாளு போல, ட்யூட்டில சின்சியரா இருக்காருன்னு விட்டுட்டேன்.”

“எப்படி நின்னாரு?” என்று கேட்டாள் அவள்.

“எப்படின்னா? சும்மாதான். பை வாருல இப்படிக் கைய மாட்டிக்கிட்டு.” பெண் தன் பைவாரில் பெருவிரலை மாட்டி, ஒரு காலில் சாய்ந்து நின்று காட்டினாள்.

மரங்களின் இடைவெளியில் கீழே பாறைகளின் அடிவாரம் தெரிந்தது. ஒரு பெரிய மரம், அதனடியில் நிழல். நிழலில் நிழல் போல ஏதோ ஒன்று. அடிமரமாகவும் இருக்கலாம். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எப்போதும் பார்த்தால் மறைந்துவிடுவது இந்தத் தடவை மறையவும் இல்லை, தெளியவும் இல்லை.

“வால் வந்தாச்சு,” என்று பெண்ணிடம் சொன்னாள். சொல்லிவிட்டுக் காய்ந்த கிளையை நோக்கி நடந்தாள்.

“அக்கா, அந்தப் பக்கம் இல்ல. நான் கைகாட்டறது இந்தப் பக்கம்.”

“தெரியும்மா. நீ போ. நான் கீழ் வழியா வந்து சேந்துக்கறேன்.”

“நான் போயிடுவேன். ஆனா மேல ஓடைக்கு முந்தின திருப்பத்துல அந்த டீச்சரம்மா நிப்பாங்களே. அவங்களுக்கு யாரு வந்து சொல்லுவாங்க? வால் சொல்லாம நகரக் கூடாதுன்னு அந்த சார் அத்தன தடவ சொன்னாரே.” பெண் தப்பாக எதுவும் கேட்டுவிட்டோமோ என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் கிளையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. இறங்கினால், மேலே உயிரோடு ஒருத்தி நிற்பாள், மழை மேகம் வேறு கூடிக்கொண்டு வருகிறது. இறங்காவிட்டால் கீழே நிற்பவர் நின்றபடிதான். போன வருஷம் இதே வழியில் கண்ணாடிக்கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது, திட்டம் போட்டு வந்த இத்தனை நாளில், அவளுக்கு முதல் தடவையாக அவர் பக்கத்திலிருந்து தெரிந்தது. தெரிந்ததும் அவர் மேல் கோபம்தான் வந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் வாடிக்கையாளருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிடும்போதும் இப்படித்தான், ஒரு மூலை விடாமல் துடைப்பார்.

“நான் போறேன் தங்கச்சி,” என்றார்.

“நீங்க எதுக்கு? நாந்தான் அவருக்குச் சொல்லணும். நான் அதுக்குத்தான் வந்தேன்.”

கண்ணாடி இல்லாத அவர் கண்கள் சின்னதாக, வேறு யாருடையதோ போல இருந்தன. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததும் ஏதோ ஒன்றை யாரோ கையிலிருந்து மெதுவாகப் பிரித்து வாங்கிக்கொள்வது போலிருந்தது. அவன் உள்ளே இருந்தா. கணவர் கணக்கில் காட்டுக்குள் இருந்தது இந்த மனிதர். அவர் முனையை விட்டு நகர்ந்திருந்தால் வழி தவறி, அடிபட்டவரோடு விளிம்புப் பக்கம் போயிருக்கக் கூடியவர் இந்த மனிதர். மழையிலும் காற்றிலும் பாதை வருகிற பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தது இவருடைய சிவப்புத் துணியைத்தான். மனைவியை அல்ல. மனைவிக்காகவாவது வந்திருக்கலாமே என்று ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அந்த முனையில் அவள் இருக்கவே இல்லை. அங்கே இருந்தது வராத ஒரு வால் மட்டும்தான்.

“அவரு காத்துக்கிட்டு இருக்கறது உங்களுக்குத்தாண்ணே,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

துணியின் முடிச்சை அவிழ்த்தாள். ஈரத்தில் இறுகியிருந்தது, பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. தையல் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பழைய துணி, ஒரே இழுப்பில் கிழிந்தது. பாதியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் கழுத்தில் கட்டப் பார்த்தார், கிழிந்த ஓரம் நழுவி முடிச்சு விழவில்லை. மருந்துக்கடைப் பெண் முன்னால் வந்து, ஒன்றும் கேட்காமல், குழந்தைக்குக் கட்டுவது போலக் கட்டிவிட்டாள்.

“வால் ரெண்டாயிடுச்சு,” என்றாள் மெல்ல.

“ஓடைக்கரைல ரெண்டு பாதையும் சேர்ற எடத்துல நான் நிப்பேன். நீங்க வந்து சொல்றவரைக்கும் நகர மாட்டேன்,” என்றாள் அவள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். கிளையைத் தாண்டி, பக்கவாட்டில் கால் வைத்து, பள்ளத்துக்குள் இறங்கினார். இலைகள் அவரை மூடிக்கொண்டன.

மேல் பாதையில் பெண் முன்னால் நடந்தாள். அதற்குள் அவளுக்கு ஏதோ பிடிபட்டிருந்தது. நெடுநேரம் கேள்வியே வரவில்லை. கடைசியில் திரும்பாமலேயே, “அக்கா, நான் பாத்தது...” என்று தொடங்கி, “இல்ல, ஒண்ணுமில்ல,” என்று நிறுத்திக்கொண்டாள்.

திருப்பத்தில் நின்ற டீச்சரம்மாவிடம், “வால் வந்தாச்சு,” என்று அவள் சொன்னாள். அவர், “அப்பாடா, கால் மரத்தே போச்சு,” என்று நொண்டிக்கொண்டே கிளம்பினார். ஓடைக்கரையில் எல்லோரும் பையை இறக்கி உட்கார்ந்திருந்தார்கள். கோல்காரர் அவள் கழுத்திலிருந்த பாதித் துணியைப் பார்த்தார், அவளுக்கு முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

“அவரு எங்க?”

“கீழ் வழியா வர்றாரு. நான் இங்க நிக்கறேன்.”

“நிக்கறியா.” அவர் முகத்தில் காலையிலிருந்து அடக்கி வைத்தது மேலே வந்தது. “இன்னொரு தடவ ஒருத்தர நிக்க வெச்சுட்டு நான் எறங்கிப் போகணுமா? என்ன நெனச்சுக்கிட்டிருக்க?”

“எல்லாரையும் கூட்டிட்டுப் போங்கண்ணே. மழை வருது. டீச்சருக்குக் கால் சரியில்ல. முனையாள் நின்னாகணும், அவ்வளவுதானே.”

அவர் கோலைத் தரையில் ஊன்றி அதன்மேல் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றார். அவர் அதை ஊன்றி அவள் பார்த்ததே இல்லை. “ரெண்டு வேனும் ரோட்ல நிக்கும்,” என்றார். “நீங்க ரெண்டு பேரும் கண்ணுல படற வரைக்கும் சக்கரம் உருளாது. சாவி எங்கிட்டத்தான்.” கையிலிருந்த ஸ்வெட்டரை அவள் தோளில் போட்டுவிட்டு நடந்தார். ஒவ்வொருவராக அவளைக் கடந்தார்கள். அவள் கையை நீட்டி வழி காட்டினாள், தேவையே இல்லை என்றாலும்.

சத்தங்கள் தேய்ந்தன. ஓடை மட்டும் மிஞ்சியது.

பழைய பாதை வந்து சேரும் இடத்தில் ஒரு பெரிய வலை இருந்தது. இரண்டு பெரணிச் செடிகளுக்கு நடுவே, ஆள் உயரத்தில், ஒரு கம்பிகூட அறாத முழு வட்டம். மூடுபனி அதில் பொடிப்பொடித் துளிகளாகக் கோத்திருந்தது. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள்.

நிற்பது என்பது முதலில் கண்ணின் வேலை. வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருப்பாய். கொஞ்ச நேரத்தில் கண் சலித்து, காதுக்கு மாறும். ஒவ்வொரு சுள்ளியும் காலடியாகக் கேட்கும். அதற்கும் பிறகு ஒரு கட்டம் வரும், அதை நின்று பார்த்தால்தான் தெரியும். போய்விடலாம் என்று தோன்றும். தோன்றிய அந்த நொடியில்தான், இத்தனை நேரம் நின்றோமே, நாம் திரும்பிய மறுகணம் அவர் வந்துவிட்டால் என்றும் தோன்றும். சரி, இன்னும் கொஞ்சம். அந்தக் கொஞ்சம் முடியும்போது நின்ற நேரம் இன்னும் கூடியிருக்கும், விட்டுப் போவது இன்னும் கடினமாகியிருக்கும். நிற்க நிற்க நிற்பது எளிதாகிறது. ஸ்வெட்டரைத் தோளிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள், கை எழவில்லை. குளிரே தெரியவில்லை. வீம்பு இல்லை. வீட்டை மறந்ததும் இல்லை. இப்படித்தான், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. அவள் எடை இடது காலுக்குப் போயிருந்தது. பெருவிரல் பைவாரில் மாட்டியிருந்தது. எப்போது மாட்டினாள் என்று தெரியவில்லை.

மூடுபனி ஓடையின் மேலாக வந்து பாறைகளை மூடி, மெல்லக் கலைந்தது.

கலைந்தபோது வலை இரண்டாகக் கிழிந்து தொங்கியது. பாதி ஒரு செடியில், பாதி இன்னொன்றில். அறுந்த நூல்கள் காற்றில்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பக்கத்திலிருந்த பெரணி இலை தலையை ஒரு தடவை அசைத்துத் துளிகளை உதிர்த்துவிட்டு நிமிர்ந்தது. பிறகு அதற்கடுத்த இலை. யாரும் வரவில்லை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு, தன்னையறியாமல், கையை நீட்டி வழி காட்டினாள்.

நெடுநேரம் கழித்துத்தான் காலடி கேட்டது. நிஜமான காலடி, கனமாக, கற்களில் வழுக்கிக்கொண்டு. கழுத்தில் பாதிச் சிவப்போடு கண்ணாடிக்கடைக்காரர் இலைகளை விலக்கி வந்தார். முழங்கால் வரை சேறு. சட்டையில் முள் கிழித்த கோடு. ஒரு வருஷமாக யாரும் போகாத பாதையில் தனியாக வந்தவர். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். புருவத்தைப் பார்த்தாள், காதுகளைப் பார்த்தாள், தலைமுடியைப் பார்த்தாள். கண்ணாடியின் இரண்டு வட்டங்களும் கடைப் பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்தவை போலிருந்தன. எங்கேயும் ஒரு வலை நூல்கூட இல்லை.

அவர் அவளுக்கு எதிரே வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வால் வந்தாச்சு,” என்றார்.

அவள் பைவாரிலிருந்து விரலை எடுத்தாள். மரத்துப்போன காலை ஒரு தடவை உதறிவிட்டு, பாதையில் இறங்கி, அவருக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். வேகமாகப் போகவில்லை. முன்னால், வளைவுக்குச் சற்று இந்தப் பக்கம், பெரணி இலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்து துளிகளை உதிர்த்து நிமிர்ந்துகொண்டிருந்தன. அசையும் இலைகளுக்கும் தனக்கும் நடுவிலிருந்த இடைவெளி குறைந்துவிடாமல் பார்த்துக்கொண்டு அவள் நடந்தாள்.